எட்டு டன்

கேள்வி நேரம் ஆறு மணிக்கு.
ஐந்தே முக்காலுக்கே காபி தீர்ந்துவிட்டது.
பள்ளி உணவுக்கூடத்து நாற்காலிகள்
பத்து வயதுக்கு அளவெடுத்தவை.
ஷூக்களை வாசலில் விட்டு, சாக்ஸோடு,
முழங்கால் மோவாயில் முட்ட
ஊரே உட்கார்ந்திருந்தது.
வெளியே ஏப்ரல். உருகும் பனி.
மண்சாலைகள் களியாகக் குழையும் மாதம்.

நான் குறிப்பெடுப்பவள்.
பத்தொன்பது வருடமாக
"கேட்கப்பட்டது", "பதிலளிக்கப்பட்டது" என்று
எழுவாய் இல்லாத இரண்டு வினைகளில்
குடித்தனம் நடத்துகிறேன்.

முதல் கேள்வி தண்ணீர்க் குழாய்.
குழாய்க்கு ஐம்பத்தெட்டு வயது.
தலைவி இர்மெலிக்கும் அதேதான்.
"இரண்டு பேருமே அவ்வப்போது கசிகிறோம்" என்றாள்.
சிரிப்பு அடங்குமுன் அடுத்த கையைக் காட்டினாள்.
கெட்டிக்காரி.
குறிப்பில்: பதிலளிக்கப்பட்டது.

நிதி பற்றிக் கேட்டவர் ஔலிஸ் பீரோய்னென்,
மூக்குக் கண்ணாடி, கையில் வரவுசெலவு அறிக்கை,
பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் காகிதம் ஒட்டியது.
ஹெல்சிங்கியிலிருந்து வரும் மானியம்
தலைக்கு இவ்வளவு என்று கணக்கு.
"தலைகள்தான் குறைகின்றன" என்றாள் இர்மெலி.
சென்ற ஆண்டு பிறந்தவை ஏழு.
ஏழில் ஒன்று அன்று பின்வரிசையில்
தன் பங்கு மானியத்தை
உரக்க அழுது கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு பால்வண்டி ஓட்டும் ரைலி எழுந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வாசித்தாள்:
திங்கள் நாற்பத்தொன்று.
செவ்வாய் நாற்பத்தொன்று.
புதன், சேறு, நாற்பத்தாறு.
பாலத்தில் எட்டு டன் பலகை மாட்டிய நாளிலிருந்து
அவள் சுற்றிப்போகும் கிலோமீட்டர்கள்.
அக்கரைத் தொழுவம் அவள் சமையலறை ஜன்னலில் தெரியும்,
அதில் ஒரு குழல்விளக்கு கண்ணடித்துக்கொண்டே எரிவதுகூட.
வெள்ளி வரை வாசித்துவிட்டு உட்கார்ந்தாள்.

பாலத்தில் பாதி எங்களுடையது.
மீதி அக்கரை ஊராட்சியினுடையது.
நடுவே ஒரு பித்தளைக் கோடு.
எங்கள் பாதிக்குப் பச்சை வண்ணம்,
அவர்கள் பாதிக்குச் சாம்பல்.
துரு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே நிறம்.

அக்கரைத் தலைவர் தாவெத்தி மூஸ்தோனென்
விருந்தாளியாக வந்திருந்தார்.
காரும் டிரைவரும் எட்டு டன் இல்லைதான்,
ஆனாலும் நடந்தே வந்திருந்தார்.
பணம் உண்டா என்று யாரோ கேட்க,
"சேர்ந்து விண்ணப்பித்தால் உண்டு" என்றார்.
"சேர்வதற்கென்ன, நீங்கள் எழுதுவீர்கள் என்று
காத்திருந்தோம்" என்றாள் இர்மெலி.
"எழுதினோமே" என்றார் அவர்
காலியான காபிக் கோப்பையைப் பார்த்தபடி.
"ஜனவரியில்."

சமையலறையில் குளிர்பெட்டி உறுமுவது கேட்டது.

கிணற்றில் போட்ட கல் என்பார்கள்.
கிணறு எதுவென்று எனக்குத் தெரியும்:
என் மேசை, இடக்கை இழுப்பறை,
விடுமுறை அட்டவணைக்கு அடியில்
ஒரு சாம்பல் உறை.
பிரிக்கவே இல்லை.

இர்மெலி என்னைப் பார்த்தாள்.
எத்தனை வருடம் அருகருகே உட்கார்ந்தோம்,
எனக்கு முகம் சிவந்தால்
முதலில் காதுமடல் சிவக்கும் என்று
அவளுக்கா தெரியாது?
ஊர்ப்பக்கம் திரும்பினாள்.
"கடிதம் வந்திருக்கிறது. தவறு என்னுடையது.
கடைசி நாள் எது?"
"இந்த வெள்ளி."

யாரும் கைதட்டவில்லை.
ஔலிஸ் ஒரு மஞ்சள் காகிதத்தைக் கிழித்து
எதையோ கூட்டிப் பார்த்தார்.
தலைவர்கள் இருவரும் குட்டி நாற்காலிகளை
நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள்,
வீட்டுப்பாடம் பார்த்தெழுதுகிறவர்களைப் போல.

பால விவகாரம்: கேட்கப்பட்டது
என்று எழுதிப் பேனாவைத் தூக்கினேன்.
அடுத்த வினை வரவில்லை.
அதற்கு ஒரு எழுவாய் தேவைப்பட்டது.

வாசலில் ஒற்றைக்காலில் நின்று
பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த ரைலி
தலை நிமிர்த்திக் கேட்டாள்:
"வெள்ளிக்குள் ஆகுமா?"

பத்தொன்பது வருடத்தில்
என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி.
சாவிக்கொத்தைத் தேடினேன்.
அலுவலகம் வரை பனிச்சேறு, முந்நூறு அடி,
என் எடைக்குத் தாங்கும்.