யானை எங்கே முடிகிறது

ஒத்தக்கடையில் ஜெராக்ஸ் கடை.
ஹைகோர்ட்டுக்குப் போகும் தாள்கள்
என் மெஷினில் ஒருமுறை சூடாகிவிட்டுத்தான் போகும்.
எல்லாமே கேள்விகள்.
பென்ஷன் ஏன் நின்றது, பாதையை ஏன் அடைத்தார்கள்.
அவற்றுக்கு மனுதாரர் உண்டு, எதிர்மனுதாரர் உண்டு, வாய்தா உண்டு.
என் கேள்விகளுக்கு நம்பர் விழுவதில்லை.

மேலூர் ரோட்டுப் புளியமரங்களுக்கு நம்பர் போட்டவன்
நூற்றுப் பதினாறுக்கு அப்புறம்
ஏன் நூற்றுப் பதினெட்டுக்குத் தாவினான்?
சொட்டுத் தண்ணீர் இல்லாத வைகைக்குள் நின்றுகொண்டு
'ஆழமான பகுதி' என்று அந்தப் பலகை யாரை மிரட்டுகிறது?
குல்ஃபிக்காரர் ஐஸுக்குள் உப்பை அள்ளிப் போடுகிறாரே,
அது உருகவா, உருகாமலிருக்கவா?

கடைக்கு எதிரே யானைமலை.
பதினோரு வருஷமாக அதே மத்தகம், அதே துதிக்கை,
எழுந்திருக்க மனமில்லாத முதுகு.
போன மாதம் டோனர் மாற்றிக்கொண்டிருந்தபோது
கறுப்புக் கையோடு நிமிர்ந்தேன்:
அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் இது யானைதானா?

ஜெசிந்தா டைப் அடிப்பதை நிறுத்தவில்லை.
"பெட்ரோல் நீ போடு. ஞாயித்துக்கெழம பாத்துருவோம்."

வண்டி மீட்டரைக் கையில் எழுதிக்கொண்டேன்.
நரசிங்கம் வரை யானை யானையாகவே கூட வந்தது.
அப்புறம் துதிக்கையைச் சுருட்டியது.
மத்தகம் முதுகுக்குள் போனது.
ஒரு வளைவில், சங்கிலியை யாரோ அவிழ்த்துவிட்டது போல,
ஆளைக் காணோம்.
கல்தான் கிடந்தது, வெயில் காய்ந்தபடி.

டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம்.
"இந்த மலைக்கு என்னண்ணே பேரு?"
"யானமல."
"இங்கருந்து யானை தெரியுதா?"
"தெரியாது."
"அப்புறம் எப்புடி?"
ஆற்றிய டீ பாதியில் நிற்க, திரும்பி மலையைப் பார்த்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"ஒத்தக்கடைக்காரங்களுக்குத் தெரியுதுல்ல," என்றார்,
"பத்தாதா?"

திரும்பும்போது அந்த இடத்தைத் தேடினோம்.
முன்னே பத்தடி, பின்னே பத்தடி.
நாலே முக்கால் கிலோமீட்டரில்
சிமெண்ட் விளம்பரம் எழுதிய சுவரோடு ஒரு வீடு.
அதன் வாசலில் நின்றால் துதிக்கை நுனி.
கொல்லைக்குப் போனால் வெறும் பாறை.
இங்கேதான், இந்தக் கூடத்தின் குறுக்கேதான்,
யானை முடிகிறது.

குட்டியானை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா
ஹோஸை மடக்கிப் பிடித்து, "யாரத் தேடுறீங்க?"
எதைச் சொல்வது?
"வாடகைக்கு வீடு…" என்றாள் ஜெசிந்தா.
"முன்போர்ஷன் ஆறாயிரம். பின்போர்ஷன் ஐந்நூறு கம்மி."
"பின்னாடி ஏன் கம்மி?"
"காத்து வராது."
நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

திங்கட்கிழமை ஒரு கிரயப் பத்திரம் நகலுக்கு வந்தது.
நான்கு மால்:
'யானைமலைக்குக் கிழக்கு' என்று தொடங்கியது.
துதிக்கை தெரியாத பக்கத்து நிலம்.
ஐந்து காப்பி எடுத்தேன், ஐந்திலும் யானை.

யானையையே பார்த்திராத ஒருத்தி
முதன்முதலில் இந்தப் பக்கம் வந்து நிமிர்ந்தபோது
இதற்கு என்ன பேர் சொல்லியிருப்பாள்?

ஜெசிந்தாவிடம் இன்னும் கேட்கவில்லை.
முதலில் நூற்றுப் பதினேழாம் புளியமரம்
பாக்கியிருக்கிறது.