ஆயிரம் மடங்கு

டர்பன் நீதிமன்றத்தில் அன்று நான் வெறும் சாட்சி.
டிகாக்சின் சீட்டைத் தூக்கிப் பிடித்து
"இருநூற்றைம்பது மில்லிகிராம்" என்று வாசித்தார் வக்கீல்.
மைக்ரோ, என்றேன்.
"கேட்டதற்கு மட்டும் ஆம், இல்லை சொல்லுங்கள்,
திருமதி படையாச்சி."
ஆயிரம் மடங்கு பிசகு
என் கண்ணெதிரே பதிவேட்டில் ஏறியது.
ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை.

இப்போது சாட்ஸ்வொர்த் கடையை ஏழுக்குப் பூட்டிவிட்டு
கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து
தபால்வழியில் சட்டம் படிக்கிறேன்.
மின்வெட்டு நாட்களில்
இன்சுலின் பெட்டிக்கு ஓடும் ஜெனரேட்டரில்
என் விளக்கும் கொஞ்சம் திருடிக்கொள்ளும்.
"நாற்பத்தொரு வயசில் கறுப்பு அங்கி எதற்கு,
இந்த வெள்ளை போதாதா?"
தயாளன் கேட்டுவிட்டு
தேநீரையும் வைத்துவிட்டுத்தான் போவார்.

இரண்டு படிப்பும் ஒத்துப்போவதில்லை.
சந்தேகத்தின் பலன்
குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, என்கிறது இது.
சந்தேகமா, பாட்டிலைத் திரும்ப வை,
என்றது அது.

நேற்று ஒரு பையன்
கோடீன் சிரப்புக்குச் சீட்டு நீட்டினான்.
டாக்டர் மகராஜின் கையெழுத்து
எழுத்தெழுத்தாய், அழகாய், படிக்கும்படி இருந்தது.
அதிலேயே தெரிந்துவிட்டது.

பாட்டில் அலமாரிக்குத் திரும்பியது.
போலீஸ் எண்ணில் பாதியை அழுத்திய விரல்
நின்றது.
உட்கார், என்றேன்.
யாருக்கு என்று கேட்டேன். உடனே,
பதில் சொல்லாமல் இருக்கவும் உனக்கு உரிமை உண்டு
என்று நானே சொன்னேன்.

அவன் சொல்லவில்லை.
இருமினான்.

இரவெல்லாம் அந்த இருமலைக்
குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன்.