மீதி

கணினி சொல்கிறது, இப்படி ஒரு வேகன் கிடையாது.
ஆனால் அது ஆறாவது தடத்தில் நிற்கிறது,
அறுபது டன் டீசலோடு,
என் கண்ணெதிரே.

அக்தோகாய் சந்திப்பு. மைனஸ் முப்பத்தொன்று.
தொட்டியின் வயிற்றில் உறைந்த பனியை
இடமிருந்து வலமாகக் கையுறையால் துடைக்கிறேன்.
ஏழு.
எழுபத்து மூன்று.
எழுநூற்று முப்பத்தொன்பது.
பனி விலக விலக எண் வளர்கிறது,
வளர்ந்தும் எதற்கும் மசிவதாக இல்லை.
7 3 9 3 9 1 3 3
என்று முழுதாய் நிற்கும்போது
எனக்கு மூக்கு மரத்துவிட்டது.

எட்டாவது இலக்கம் வெறும் காவலாள்.
முந்தைய ஏழில் ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து
வரும் இலக்கங்களையெல்லாம் கூட்ட வேண்டும்.
அடுத்த பத்துக்கு என்ன குறைகிறதோ
அதைத்தான் கடைசியில் எழுத வேண்டும்.
கூட்டினேன்: முப்பத்தாறு.
இருக்க வேண்டியது நான்கு.
பாவ்லதார் பணிமனையில் லெம்கே என்றொரு பெயின்டர்
மூன்று எழுதியிருக்கிறார்.
குடித்திருந்தாரோ, குளிரோ,
விசாரிக்க வழியில்லை, ஜெர்மனிக்குக் குடிபோய்விட்டாராம்.

மேலிடத்து உத்தரவு வரும்வரை
இரவுப் பணியில் எனக்கு என்ன வேலை?
மூன்றால் வகுத்தேன், மீதி இரண்டு.
ஏழால், மீதி இரண்டு.
பதினொன்றால் நான்கு, பதின்மூன்றால் எட்டு.
சரக்குச் சீட்டுகளின் முதுகெல்லாம் நிறைந்தன.
ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள்
ஒவ்வொன்றாக வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போயின.
கடைசியாக 8597:
ஈவு 8600, மீதி 4933.
அதற்குமேல் தேடத் தேவையில்லை.
எண் ஜெயித்துவிட்டது.

வாலை வெட்டினேன். பகா எண்.
மறுபடி வெட்டினேன். பகா எண்.
ஒற்றை ஏழு மிஞ்சும்வரை
ஓரிடத்திலும் உடையவில்லை.
சரி, நீட்டலாமா என்று
வலப்பக்கம் ஒவ்வொரு இலக்கமாக ஒட்டினேன்.
எதை ஒட்டினாலும்
ஏதோ ஒன்று வந்து மிச்சமில்லாமல் வகுத்தது.
இதற்கு மேல் வளர இடமில்லை.
லெம்கேயின் கை சறுக்கியது
சரியாக இங்கே வந்துதான்.

ஜேகெனிடம் காட்டினேன்.
தேநீரை உறிஞ்சியபடி கேட்டார்:
"அப்போ டீசல் எப்போ கிளம்பும், கம்ஷாத்?"

பதினைந்தாம் நாள் உத்தரவு வந்தது:
கடைசி இலக்கத்தைத் திருத்துக.
பெயின்ட் கெட்டித்துப் போயிருந்தது,
அடுப்பின் மேல் வைத்து இளக்கினேன்.
மூன்றைச் சுரண்டி நான்கு எழுதினேன்.
கணினி உடனே ஏற்றுக்கொண்டது,
சேமெய் நோக்கி, பச்சை விளக்கு.

"இப்போ சரிதானே?"
"சரி," என்றேன். "இரண்டாலேயே வகுபடும்."

ஆறாவது தடம் காலியானது.
விளக்கொளியில் கடைசியாகக் கண்டது
அவசரத்தில் நான் முழுதும் சுரண்டாத
பழைய மூன்றின் கீழ் வளைவு,
நான்கின் காலடியில்,
மிச்சமாய்.