ஒன்பதாம் தேதி இல்லாத பயணச்சீட்டு

சாந்தியாகோவிலிருந்து ஆக்லாந்துக்கு
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
பறக்கும் நேரம் பதின்மூன்று மணி இருபது நிமிடம்.
பதினோரு வருடமாக நான் ஒப்பிக்கும் பாடம் இது.

அகுஸ்தினாஸ் தெருவில்
செருப்புக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவே என் கவுண்டர்.
ஜூலை குளிருக்குக் காலடியில் மண்ணெண்ணெய் அடுப்பு.
வருகிறவர்கள் விலை கேட்பார்கள்,
ஜன்னலோரம் கேட்பார்கள்,
நாயைக் கூட்டிப்போகலாமா என்பார்கள்.

ஓர்த்தென்சியா பாரியெந்தோஸ்
எந்த ஊர் என்றுகூடச் சொல்லவில்லை.
சொட்டும் குடையை மடக்காமலே நின்று
"ஆகஸ்ட் ஒன்பது வராத விமானம் வேண்டும்" என்றாள்.

ஏன் என்று கேட்பது எங்கள் தொழிலில் இல்லை.
அவளாகவே சொன்னாள்:
மகன். நிபால்தோ. ரங்காகுவா நெடுஞ்சாலை.
காலை ஏழு நாற்பதுக்கு வந்த தொலைபேசி.

எட்டாம் தேதி இரவு பதினொன்று நாற்பதுக்கு ஏறினால்
பத்தாம் தேதி காலை ஐந்துக்கு இறங்கலாம்.
நடுவில் ஒரு நாளைப் பசிபிக் விழுங்கிவிடும்.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்
கள்ளக்கணக்கைக் காட்டுகிறவளைப் போல.
ரொக்கமாக எண்ணி வைத்தாள்.
தாள்களில் மீன் வாடை.

மாதக் கடைசியில் திரும்பி வந்தாள்.
"நீ பொய் சொல்லிவிட்டாய்" என்றாள்,
கோபமில்லாமல்.

கிளம்பி இருபதாவது நிமிடமே
ஒன்பதாம் தேதி வந்துவிட்டதாம்
முப்பத்தேழாம் வரிசைவரைக்கும்.
ஆனால் விடியவில்லை.
மேற்கே பறக்கும் விமானத்தைச் சூரியன்
பின்னால் ஓடி வந்தும் பிடிக்க முடியவில்லை.

கைக்கடிகாரத்தை மாற்ற மறந்திருந்தாள்.
அது ஏழு நாற்பது காட்டியபோது
வெளியே கும்மிருட்டு.
இன்னும் மூவாயிரத்து எண்ணூறு என்றது முன் திரை.
பக்கத்து ஆள் வாய் திறந்து தூங்கினான்.
எந்தத் தொலைபேசியும் ஒலிக்கவில்லை.

"அப்போதுதான் அவன் வந்தான்.
எட்டு வயதில், முன்பல் ஒன்று இல்லாமல்,
கால்சட்டைப் பை நிறையக் கூழாங்கல்.
வீட்டில் என்றால் பூ வருகிறது,
பாதிரியார் வருகிறார்,
நாத்தனார் கேக்கோடு வருகிறாள்.
அவன்தான் வருவதில்லை.
அங்கே தட்டுவதற்குக் கதவில்லை.
இறங்கும்வரைக்கும் இருந்தான், பெண்ணே.
சக்கரம் தரை தொட்டதும்தான்..."

மிச்சத்தைச் சொல்லவில்லை.
நானும் முத்திரைக் கட்டையைத் தேடுவதுபோல
இழுப்பறைக்குள் குனிந்துகொண்டேன்.

இப்போது மறுபடி ஜூலை.
இந்தத் தடவை குடையை மடக்கி
மூலையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள்.
"போவது எப்போதாவது இருக்கட்டும்.
வரும்போது ஒன்பதாம் தேதி இரண்டு வேண்டும்."

பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
ஒன்பதாம் தேதி மாலை ஆறரைக்கு அங்கே ஏறினால்
அதே ஒன்பதாம் தேதி மதியம் ஒன்றரைக்கு இங்கே.
ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே இறங்கிவிடுவாள்.
ஏழு நாற்பது ஒரு தடவை ஆக்லாந்து ஓட்டல் அறையில்,
இன்னொரு தடவை கடல்மேல்.
கட்டணம் நாற்பதாயிரம் பெசோ கூடுதல்.

"ஒன்று மட்டும்" என்றேன்.
"கிழக்கே வருவதால் இரவு குறைச்சல்.
பாதி வழியில் விடிந்துவிடும்."

யோசித்தாள்.
அடுப்புத் திரி படபடத்தது.
சாவிக் கடையில் யாருக்கோ
ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தார்கள்.

"ஜன்னலுக்கு மூடி இருக்குமில்லையா?"

இருக்கும் என்றேன்.
ஜன்னலோரமே போட்டுக்கொடுத்தேன்.