வெளியாள் குவளை

வுட்பர்ன், ஆரிகன். ஜூன் மழை.
ஸ்ட்ராபெரி வயல் தாண்டி நான்காவது வீடு.
காரிலேயே பத்துத் தரம் சொல்லிப் பார்த்த
ரஷ்ய வணக்கம்
வாசலில் நாக்கில் மாட்டிக்கொண்டது.

அன்ஃபீசா சிரித்தாள்.
கணுக்கால் மறைத்த பாவாடை, நெய்த கச்சை,
விரலெல்லாம் பழச்சாறு.
கைப்பிரதியை ஓரத்தில் பிடித்துப் படித்து
இரண்டு எழுத்துப்பிழை காட்டினாள்.
"சிலுவை போட இரண்டு விரலா மூன்றா என்று
முந்நூற்றைம்பது வருஷமாய் ஓடுகிறோம்.
சைபீரியா, சீனா, பிரேசில், இங்கே.
நீ எங்கிருந்து?"

கயத்தாறு என்றேன்.
எந்தக் கண்டம் என்று கேட்கவில்லை.

குடிக்கக் கொடுத்தாள்,
அலமாரிக் குவளையில் இல்லை,
பின்கதவு ஆணியில் தொங்கிய
எனாமல் உதிர்ந்த நீலத்தில்.
"வெளியாளுக்கு" என்றாள்,
மழை பெய்கிறது என்பதுபோல.

அப்பாவின் தம்ளரை நான் பார்த்திருக்கிறேன்.
டீக்கடைக் கூரையில் செருகியிருக்கும்.
குடித்தபின் அவரே கழுவி
அவரே செருகுவார்.
ஞானஸ்நானம் எடுத்த வருஷமும்
அதே தம்ளர்தான்.

புளிப்பு. அடியில் விதைகள்.
முடித்ததும் என் கை
என்னைக் கேட்காமல் குழாயைத் தேடிப் போயிற்று.
அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"விருந்தாளி கழுவுவதா?"
பிடித்த இடத்தில் சிவப்பாய் ஐந்து விரல்.

இரவு, மிஷன் அறிக்கை.
'சந்தித்த ஆத்துமாக்கள்' கட்டம் காலி.
கீழே குறிப்பில் மட்டும்
'பிழை இரண்டு, திருத்தி அச்சிடவும்.'

கை இன்னும் கழுவவில்லை.
திங்கட்கிழமை மறுபடி போகவேண்டும்,
அந்த வணக்கம் இன்னும் வாயில் வரவில்லை.