சொத்து என்ற கட்டம்

உலான்பாத்தரில் ஆறு மாதம்
குளிருக்கு வாடகை கிடையாது.
நான்காம் மாடி உயங்கா
ஆட்டிறைச்சி பொதிந்து மடித்த பூஸ்களைத்
தட்டுத் தட்டாகப் பால்கனியில் அடுக்குவாள்.
மதியத்துக்குள் கூழாங்கற்கள்.
ஏப்ரலில் கூரை சொட்டும்.
அத்தோடு வியாபாரமும் சொட்டிப்போகும்.
அப்புறம் இலையுதிரும்வரை
அக்காள் கடையில் தையல்.

கடன் கேட்டு என் மேசைக்கு வந்தாள்.
உறைபெட்டி ஒன்று, மாவு தேய்க்கும் எந்திரம் ஒன்று,
ஒரு கோடியே எண்பது லட்சம் துக்ரிக்.
படிவத்தில் சொத்து என்ற கட்டம் வந்ததும்
"பால்கனியை எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
அவள் கணவன் தமீரின் பழைய காரை எழுதினேன்.

அந்தக் கோடையில் அவள் மூடவில்லை.
குதிரைப் பந்தயம் பார்க்கப் போனவர்கள்
பை பையாக வாங்கிப் போனார்கள்.
மாவு தேய்க்க ஆள் வேண்டாம் என்றானது,
மடிக்க மூன்று பேர் வேண்டியதாயிற்று.
எந்திரம் ஆளைத் தின்னும் என்றிருந்த என் மேலாளருக்கு
இந்தக் கணக்கு பிடிபடவே இல்லை.

தவணைக்குத் தேதி தவறாமல் பசித்தது.
தலையணைக்கடியில் அலைபேசி,
உறைபெட்டியின் காய்ச்சலை அளந்தபடி.
மைனஸ் பதினெட்டு என்றால் தூக்கம்.
பதினாறு என்றால்
கீழ்வீட்டில் படுத்திருக்கும் எனக்குக்
கூரைமேல் காலடி கேட்கும்.

ஜனவரி. இரவு இரண்டு மணி. மின்சாரம் போயிற்று.
கட்டடம் முழுக்க இருட்டு,
அவள் அலைபேசி மட்டும் அலறுகிறது.
மேலே ஓடினேன்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
இதைச் சொன்னால் இன்றும் வெட்கப்படுவாள்:
குளிர் வெளியேறிவிடாமல்
மூவரும் உறைபெட்டிக்குப் போர்வை சுற்றிக்கொண்டிருந்தோம்.
தமீர்தான் முதலில் நிறுத்தினான்.
ஒட்டிப்போன பால்கனிக் கதவைக்
காலால் உதைத்துத் திறந்தான்.

நாற்பது தட்டு, நாலாயிரம் பூஸ்,
கைமாற்றிக் கைமாற்றி.
என் இமையில் பனி.
உள்ளே காலிப் பெட்டிக்காக
விடியும்வரை பதறிக்கொண்டிருந்தது அலைபேசி:
பத்து. எட்டு. ஐந்து.

இந்த மாதம் இரண்டாவது கடன்.
இன்னொரு உறைபெட்டி, ஒரு ஜெனரேட்டர்.
சொத்து என்ற கட்டத்தில் நானே எழுதினேன்:
பால்கனி, வடக்கு பார்த்தது, நான்கு சதுர மீட்டர்.
தலைமை அலுவலகம் படிவத்தைத் திருப்பியிருக்கிறது.
அதன் ஆயுட்காலம் எத்தனை ஆண்டு
என்று குறிப்பிட வேண்டுமாம்.

உயங்காவிடம் இன்னும் கேட்கவில்லை.
இந்த வருடம்
மார்ச்சிலேயே சொட்டுகிறது.