ஈரப்பதம் கிடைக்கவில்லை

இரவு ஒன்பதே கால். நீடாமங்கலம் ரயில்வே கேட்
வழக்கம்போல் மூடியிருந்தது.
பஸ்ஸில் மடிமேல் லேப்டாப்பைத் திறந்தேன்.
நூற்று நாற்பத்தேழு வரி சிவப்பு.
நூற்று நாற்பத்தாறு ஜாவாவின் வயிற்றுக்குள்ளிருந்து வருபவை,
யாரோ எழுதியவை.
ஒன்றுதான் என்னுடையது.

'ஈரப்பதம்' என்றொரு கூறு
இந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை
என்கிறது அது.

பூவனூர் கொள்முதல் நிலையத்திலிருந்து
வைரக்கண்ணு மூன்றாம் முறையாக அழைக்கிறார்.
"மேடம், பக்கமே வெள்ளையா வருது.
நோட்டுல எழுதித்தான் மூட்டை போட்டுக்கிட்டிருக்கோம்."
பின்னால் சாக்கு தைக்கும் மிஷின் சத்தம்.

எழுத்துப் பிழை என்று நினைத்தேன். இல்லை.
சர்வரை அணைத்து ஏற்றினேன்,
ஒன்றும் தோன்றாதபோது எல்லோரும் செய்வதுதான்.
ஒரு சரக்கு ரயில் போயிற்று. ஐம்பத்தெட்டுப் பெட்டி.
ஒன்றன்பின் ஒன்றாக, எதுவும் எதற்குள்ளும் இல்லாமல்.
பக்கம் அப்படியில்லை.
பக்கத்துக்குள் படிவம், படிவத்துக்குள் பேனல்,
பேனலுக்குள் ஒரு எண்.

அப்போதுதான் மூணாறு தலைப்பு ஞாபகம் வந்தது.
வருவது ஒரே தண்ணீர். மதகு தாண்டிவிட்டால்
பாமணியில் விட்டதைக்
கோரையாற்றில் போய்த் தேட முடியாது.
நான் எண்ணைப் படிவத்தில் சேர்த்திருக்கிறேன்.
அதுவோ பேனலுக்குள் தேடிக்கொண்டிருக்கிறது
நேற்று மாலையிலிருந்து.

ஒரு சொல்லை மாற்றினேன்.
கேட் திறந்தது. இரண்டு பக்கமும்
எல்லா வண்டியும் ஒன்றாக ஹாரன் அடித்தன.

"வந்துருச்சு மேடம்" என்றார் வைரக்கண்ணு.
அப்புறம் குரல் இறங்கியது.
"பத்தொன்பது புள்ளி நாலுன்னு காட்டுது.
பதினேழுக்கு மேல போனா பட்டனே அமுங்க மாட்டேங்குது."
தெரியும். அந்த நிபந்தனையும் நான் எழுதியதுதான்.
முதல் நாளிலிருந்தே அதில் ஒரு பிழையும் வந்ததில்லை.

"மரியசூசை நெல்லு. மூணு நாளா
குவியல் பக்கத்துலயே படுத்துக்கிடக்காரு.
நோட்டுல பதினாறரைதான் இருந்துச்சு."
மிஷின் நின்றிருந்தது.
"விடியிற வரைக்கும்
பழையபடியே வெச்சிருக்க முடியுமா மேடம்?"

பஸ் குலுங்கித் தண்டவாளம் கடந்தது.
முடியும்.
அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது, ஒரே வரி.
சிவப்பு திரும்பி வரப்
பதினோரு விநாடி ஆகும்.

"லைன்ல இருக்கீங்களா?"